‘இல்லை’ சொல்லப் பழகுகிறவர்

குளியலறைக் கண்ணாடிக்கு எதிரே நின்று, பாதிக் கன்னத்தில் நுரையோடு, “மன்னிக்கணுங்க, இந்தத் தடவை உங்களை எடுக்கல” என்று சொல்லிப் பார்க்கிறார். அடுத்த நொடியே குரல் இளகிவிடுகிறது. “ஆனா கவலைப்படாதீங்க, வேலை வந்துட்டே இருக்கு.” சொன்ன கையோடு ரேசரை வாஷ்பேசின் விளிம்பில் தட்டி, தன்னையே முறைத்துக்கொள்கிறார். மறுபடி முதலிலிருந்து.

“மாமா, கண்ணாடில இருக்கறவனுக்கும் வேலை குடுத்துட்டீங்களா?” என்று வெளியே துண்டோடு காத்திருக்கும் மைத்துனன் கேட்கிறான்.

வீட்டில் இப்போது அவருக்கு வள்ளல் என்று பெயர். வைத்தவன் மைத்துனன்தான், காரணம் இல்லாமல் வைக்கவில்லை. நாளை மறுநாள் அவருக்கு ஒரு கன்சல்டன்சியில் இண்டர்வியூ. கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற இடம் அது. தேர்வாகாத ஒருவருக்குப் போன் போட்டு, அந்தச் செய்தியைச் சொல்லிக் காட்டச் சொல்வார்களாம். அதற்குத்தான் இந்த ஒத்திகை. மைத்துனன் வேலை தேடுகிறவனாக எத்தனையோ முறை எதிரே உட்கார்ந்துவிட்டான். ஒரு முறைகூட இவர் அவனை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. சமையல்காரனாக வந்தாலும் வேலை, கணக்கனாக வந்தாலும் வேலை. ஒரு நாள் வேண்டுமென்றே, “எனக்கு ஒண்ணும் தெரியாது சார், காலைல எந்திரிக்கவும் வராது” என்று சொல்லிப் பார்த்தான். வள்ளல் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டு, “அப்ப நைட் ஷிஃப்ட்ல ஏதாவது இருக்கும், பார்ப்போம்” என்றார்.

குற்றம் அவருடையது மட்டுமல்ல, அவர் பார்த்த உத்தியோகத்துடையதும்தான். லாரி சர்வீஸ் ஒன்றின் போன் மேஜையில் தலை நரைக்கும்வரை இருந்தவர். சரக்கு எங்கே என்று கத்துகிறவர்களைச் சமாளிப்பது அவர் பாடு. அந்த மேஜையில் ‘இல்லை’ என்ற பேச்சுக்கே இடமில்லை. வண்டி ஷெட்டில் டயர் கழற்றிக் கிடக்கும். இவர் “கிளம்பிருச்சு சார், பக்கத்துல வந்துட்டே இருக்கு” என்பார். டிரைவர் அன்றைக்கு வேலைக்கே வந்திருக்க மாட்டான். “டீ குடிக்க ஓரங்கட்டிருக்காரு சார்” என்பார். கேட்கிறவர்களுக்கு வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருக்கும். இதைப் பொய் என்று அவர் நினைத்ததே இல்லை. என்றைக்காவது வண்டி போய்ச் சேரத்தானே போகிறது?

போனில் பேசும்போது இன்றும் அவர் உட்காருவதில்லை. எழுந்து நின்று, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்ட பிறகுதான் “சொல்லுங்க” என்பார். அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பித்தான் தெரியவா போகிறது என்று கேட்டால், “குரல்ல தெரியும்” என்பார்.

லாரி சர்வீஸை மூடிவிட்டார்கள். அதன் பிறகு வேலை கேட்டு அவர் ஏறி இறங்காத இடமில்லை. இந்தக் கன்சல்டன்சிக்கும் அப்படிப் போனவர்தான். எங்கே அனுப்பினாலும் ஏதாவது ஒரு குறை சொல்லித் திருப்பினார்கள். அதை ஒவ்வொரு தடவையும் போனில் சொல்லச் சங்கடப்பட்ட கன்சல்டன்சிப் பெண், போன வாரம், “நீங்க நல்லா பேசறீங்க சார், எங்ககிட்டயே ஒரு இடம் இருக்கு, வர்றீங்களா?” என்று கேட்டாள். கூடவே ஒரு எச்சரிக்கை: “இல்லைன்னு சொல்லத் தெரியணும் சார். எங்க வேலைல பாதி அதுதான்.”

இதையும் விட்டால் இந்த வயதில் வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கும் மனைவி, விடுமுறை நாட்களிலும் போக ஆரம்பித்துவிட்டாள். திரும்பி வந்ததும் கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பாள். வீங்கிய அந்தக் கால்களை இவர் நேராகப் பார்ப்பதில்லை. அவளிடமும் இத்தனை மாதமாக லாரி பாஷைதான்: “பேசிட்டிருக்காங்க, வந்துரும்.” சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போய்விடுவார்.

அன்று மாலை, ஒத்திகைக்கு எதிரே உட்கார்ந்திருந்த தம்பியை அவளே எழுப்பிவிட்டாள். “நீ நகரு. இவரு உன் மூஞ்சியப் பார்த்தா இரக்கப்பட்டுருவாரு. என்னங்க, நீங்க ரூமுக்குப் போய்க் கதவச் சாத்திட்டு நிஜமாவே போன் பண்ணுங்க. நான் சமையக்கட்டுல இருந்து பேசறேன். எனக்கு வேலை கிடைக்கலைன்னு சொல்லணும், அவ்வளவுதான்.”

போனார். பித்தானைப் போட்டுக்கொண்டார். அழைத்தார்.

“வணக்கங்க. கன்சல்டன்சிலருந்து பேசறேன். நீங்க போய்ப் பார்த்துட்டு வந்தீங்களே, அந்த குடோன் வேலை...”

“ஆமாங்க, சொல்லுங்க.”

“அது...” தொண்டை வரைக்கும் லாரி வந்து நின்றது. விழுங்கினார். “அது உங்களுக்கு இல்லைங்க. வேற ஆளை எடுத்துட்டாங்க. கம்ப்யூட்டர்ல சரக்குக் கணக்கு பார்க்கத் தெரிஞ்சவங்கதான் வேணுமாம். இனிமே அதுக்காகக் காத்திருக்காதீங்க.”

சொல்லியேவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் மைத்துனன் கைதட்டுவது கேட்டது. வள்ளலுக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தாலும் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

சமையக்கட்டில் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு அவள் குரல் தாழ்ந்து வந்தது.

“பரவால்லைங்க. கூப்பிட்டுச் சொன்னீங்களே, அதுவே பெரிசு. நான் வீட்ல இப்பச் சொல்லல. அவ இப்பத்தான் வந்து அசந்து தூங்கறா.”

அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அது அவருடைய பேச்சு. கன்சல்டன்சிப் பெண் ‘இல்லை’ என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், பால்கனி மூலையில் திரும்பி நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அவர் சொன்ன பேச்சு. ஒரு சொல் மாறவில்லை. ஆக, அவள் ஒரு நாளும் தூங்கியிருக்கவில்லை.

போனை வைக்கக் கை வரவில்லை. காதோடு இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் அதை மூடினாள். அதன் பிறகு அவள் மூச்சு மட்டும் கேட்டது. அவளும் வைக்கவில்லை.