படகின் மூடி பூஜையில் இருந்தது

விஜயதசமி அன்று காலை ஏழு பத்துக்கு, பனிமூட்டத்துக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது. “அம்மா, காலு நனையுது.”

நான் எஸ்டேட் குட்டையின் கரையில் நின்றிருந்தேன். அவள் எங்கள் அலுமினியப் படகில் தனியாகப் போயிருந்தாள். துடுப்பில் வழிந்த தண்ணீராக இருக்கும் என்று சொன்னேன். சிறிது நேரத்தில், “இல்லம்மா, உள்ள வருது,” என்றாள்.

ஏற்காட்டில் படகு என்றால் எல்லோருக்கும் ஏரிதான் நினைவுக்கு வரும். எங்களுடையது விருந்தினர் விடுதிக்காகக் கணவர் சமவெளியிலிருந்து வாங்கி வந்த பழைய மீன்பிடிப் படகு. நாலு பேர் உட்காரலாம். தனி டிரெய்லர் உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்புக்குப் பின்னால் அதை இழுத்து வந்தபோது பஸ்ஸில் போனவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்களாம். வாங்கியது அவர், கழுவுவது நானும் மகளும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். ஆனால் நனைந்த இலை ஒரு வாரம் ஒட்டிக் கிடந்தால் அந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்து, பிறகு அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்துவிடும். இங்கே சில்வர் ஓக் இலை உதிராத நாளே கிடையாது. வாஷிங் சோடா போட்டால் உலோகத்தையே தின்றுவிடும் என்பதால், பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் அலசுவோம். அழுக்குத் தண்ணீர் வெளியேறப் படகின் பின்பக்கம், அடியில் ஒரு ஓட்டை இருக்கிறது. கட்டைவிரல் நுழையும். அதை அடைக்க ஒரு பித்தளைத் திருகுமூடி. கழுவும்போது மூடியைக் கழற்ற வேண்டும், தண்ணீரில் இறக்கும்போது மாட்ட வேண்டும். படகைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதுதான்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் முழுக்கப் பராமரிப்பு. சக்கரங்களுக்கு கிரீஸ் வைத்தோம். இருக்கைகளுக்கு அடியில் மிதப்பதற்காகச் செருகியிருந்த தெர்மாகோல் ஊறிக் கனத்திருந்தது, எலி வேறு குடைந்திருந்தது. அதை உருவிக் காப்பிக்கொட்டை உலர்த்தும் களத்தில் காயப் போட்டோம். மிதவை ஜாக்கெட்டுகளைத் துவைத்துக் கொடியில் தொங்கவிட்டோம். மூடியை மகள் புளி போட்டுத் துலக்கினாள். அது தங்கம் மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் பூஜையில் கவாத்துக் கத்தி, ஸ்பேனர், கணவரின் லேப்டாப் ஆகியவற்றோடு அதையும் வைத்தாள். படகுக்கும் டிரெய்லருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது அவள்தான். சக்கரத்துக்கு ஒன்று, முனையில் மூன்று, பின்னால் அந்த ஓட்டையின் மேல் தாராளமாக ஒரு உருண்டை.

பூஜையில் வைத்ததை மறுநாள் விளக்கேற்றி எடுக்கும்வரை தொடக்கூடாது. அதனால் யாரும் தொடவில்லை.

விஜயதசமியில் எதைத் தொடங்கினாலும் விளங்கும் என்று அவளே சொல்லி, விடியற்காலையில் என்னை எழுப்பினாள். கணவர் விருந்தினரைச் சேலத்தில் விடப் போயிருந்தார். டிரெய்லரை இரண்டு பேருமாகச் சரிவில் தள்ளினோம். பின்பக்கம் மூடி இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக மஞ்சளும் சிவப்பும் தெரிந்தன. மூடிக்குப் பொட்டு வைத்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சந்தனம் தண்ணீரில் கரைய அதிக நேரம் ஆகாது.

“மூடிய மாட்டுனியா கண்ணு?” என்று கத்தினேன்.

“அது பூஜையில இருக்கு.”

எல்லாவற்றையும் சுத்தம் செய்திருந்தோம். அதனால் எதுவும் அதனதன் இடத்தில் இல்லை. மிதக்க வைக்கும் தெர்மாகோல் களத்தில், ஜாக்கெட் கொடியில், மூடி சாமி முன்னால். குட்டையின் நடுவில் பழைய கல்குழி, ஆழம் எங்களுக்குத் தெரியாது. அவளுக்கு நீச்சல் தெரியும், கோடை விடுமுறையில் நீச்சல் குளத்தின் நீலத் தண்ணீரில் கற்றது. இந்தத் தண்ணீரில் பாசிக்கொடி உண்டு, அக்டோபரில் கை வைத்தால் விறைக்கும்.

“துப்பட்டாவ ஓட்டையில திணி!”

“டீ-ஷர்ட் போட்டுட்டு எவம்மா துப்பட்டா போடுவா?”

“அப்ப ஸ்வெட்டரக் கழட்டு. அதோட கையச் சுருட்டித் திணி. திணிச்சுட்டு முன்பக்கம் போய் உக்காரு, பின்பக்கம் தூக்கிக்கும்.”

உலோகத்தில் முழங்கால் இடிக்கும் சத்தம் கேட்டது. “கொஞ்சமாத்தான் வருது இப்ப,” என்றாள். பிறகு, “கரை எந்தப் பக்கம்மா? ஒண்ணுமே தெரியல.”

“என் குரலப் பாத்து வா சாமி.”

கூப்பிட ஆரம்பித்தேன். துடுப்புச் சத்தம் முதலில் கேட்டது, பிறகு குறைந்தது, பிறகு இல்லை. நான் நிறுத்தவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறேன் என்பது புடவை காலைச் சுற்றியபோதுதான் தெரிந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன், பிறகு பெயர்கூட இல்லை, வெறும் சத்தம். எவ்வளவு நேரம் என்று பிறகு கேட்டவர்களிடம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறேன்.

எதிர்ப்பக்கம் பெண்கள் சிரிக்கிற சத்தம் வந்தது. முதலில் அது எனக்கு எதையும் குறிக்கவில்லை.

பிறகு கரையோரப் பாதையில், பனிக்குள்ளிருந்து இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஒருத்தி கிளியூரிலிருந்து எஸ்டேட்டுக்குக் களை வெட்ட வருபவள். அவள் புடவைக்கு மேல் போடும் சட்டையைப் போர்த்திக்கொண்டு, சொட்டச் சொட்ட என் மகள். படகு எதிர்க்கரைச் சேற்றில் பாதி மூழ்கி நிற்கிறதாம்.

“ஏனுங்கம்மா,” என்றாள் அந்தப் பெண், “நீங்க போட்ட சத்தத்துல காட்டெருமைதான் எறங்கிருச்சுன்னு நாங்க மம்முட்டியப் போட்டுட்டு ஓடப் பாத்தமுங்க. பாப்பா நொம்ப நடுங்குது, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

நான் மகளின் கையைப் பிடித்தேன். அவள் என்னை முறைத்தாள். எதிர்ச் சரிவில் பட்டு எதிரொலித்து, என் குரல் அங்கிருந்தும் கேட்டிருக்கிறது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

“ரெண்டு பக்கமும் நீயே நின்னு கூப்புட்டா,” என்றாள், பல் கிட்டிக்க, “நான் எந்தப் பக்கம்மா வர்றது?”