தண்ணீர் எத்தனை பாகையில் கொதித்தது?

மலைநாட்டுப் பதுளையில் உயர்தர வகுப்பில் படித்தபோது ஆய்வுகூட மேசையில் எனக்கு வாய்த்த கூட்டாளி பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். தினமும் வந்துபோவது கஷ்டம் என்று பதுளையில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள்.

செய்முறை அறிக்கையில் முடிவு எழுதுவதென்றால் எங்களுக்குப் பெரும்பாடு. பாடப்புத்தகத்தைப் பார்த்து அரைப்பக்கம் நிரப்புவோம். அவள் மூன்று நான்கு வரிதான் எழுதுவாள். எதைத் தேடினோம், என்ன கிடைத்தது, அதை வைத்து எதுவரை சொல்லலாம், அவ்வளவுதான். படிக்கும்போது முகம் கழுவியதுபோல் இருக்கும்.

ஒருநாள் நீரின் கொதிநிலை காணும் செய்முறை. தண்ணீர் தளதளவென்று கொதித்தும் வெப்பமானி தொண்ணூற்றெட்டைத் தாண்டவில்லை. மற்ற மேசைகளில் நூறு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுதினாள்: “எமது நீர் ஏறத்தாழ 98 பாகையில் கொதித்தது. காரணம் இடத்தின் உயரமாக இருக்கலாம், வெப்பமானியின் பிழையாகவும் இருக்கலாம். எது என்பதை இச்செய்முறை காட்டவில்லை.”

அதைப் படித்த டீச்சர், புத்தகத்தில் நூறு என்றுதானே இருக்கிறது என்று கேட்டார். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

“புத்தகம் பிழைன்னு எழுதலைங்க டீச்சர். நாங்க பார்த்தத எழுதினேன்” என்றாள்.

டீச்சர் கோபப்படவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்து வாருங்கள் என்று வெப்பமானியைப் பெட்டியில் வைத்துத் தந்தார்.

பஜாரில் என் வாப்பாவின் கடைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்து, உருகும்போது வெப்பமானியை வைத்துப் பார்த்தோம். சரியாகப் பூச்சியம். வெப்பமானியில் பிழையில்லை என்று நான் குதித்தேன். அவளோ, கீழ்முனை சரி, மேல்முனை சரியா என்று இன்னும் தெரியாது, உயரம்தான் காரணமா என்பது இதே வெப்பமானியை இன்னும் உயரமான இடத்துக்குக் கொண்டுபோனால்தான் தெரியும் என்றாள்.

அந்தச் சனிக்கிழமை நானும் அவளோடு பூனாகலைக்கு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு வெப்பமானிப் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டே வந்தாள். தோட்டத் தொழிலாளர் லயத்தில், அவள் வீட்டு அடுப்பில் கேத்தலை வைத்து இருவரும் குனிந்து நின்றோம். கொழுந்து பறித்துவிட்டு வந்த அவள் அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

“தண்ணி கொதிச்சிருச்சே, இன்னும் என்னத்தப் பார்க்கிறீங்க?”

“எதுல கொதிக்குதுன்னு பார்க்கிறோம்மா. கொஞ்சம் பொறுங்க.”

தொண்ணூற்றைந்தில் நின்றது. மூன்று முறை புதிதாகத் தண்ணீர் வைத்தும் அதேதான். அம்மா அந்தத் தண்ணீரிலேயே எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

திங்கட்கிழமை அவள் கொடுத்த முடிவு இது: “ஒரே வெப்பமானி பதுளையில் 98 பாகையும், அதைவிட உயரமான பூனாகலையில் 95 பாகையும் காட்டியது. ஆகவே வித்தியாசத்துக்கு வெப்பமானியின் பிழை மட்டும் காரணமாக முடியாது. உயரம் கூடும்போது கொதிநிலை குறைகிறது என்பதோடு இது பொருந்துகிறது. ஆயினும் இரண்டு இடங்களையே பார்த்தோம்.”

டீச்சர் அதை வகுப்புக்கு இரண்டு தடவை வாசித்தார். கடைசி வரி ஏன் என்று யாரோ கேட்டதற்கு, அந்த வரியால்தான் மற்ற வரிகளை நம்ப முடிகிறது என்றார். எனக்கு ஏனோ நானே பரிசு வாங்கியதுபோல் இருந்தது.

அவள் அதற்குள் பக்கத்து ஊரான பசறை எவ்வளவு உயரம் என்று டீச்சரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.