றொட்னி இன்றும் வந்து போனார்

பிரஷாந்தி பிறந்தது இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில். சண்டை முடிந்து குடும்பத்தோடு பாப்பாமோட்டைக்குத் திரும்பியபோது அவள் பேச்சிலிருந்த இந்திய வாடையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பகிடி பண்ணினார்கள். அந்த ரோசத்தில்தான் வாயைக் குறைத்துக்கொண்டு கணினியோடு ஒட்டிக்கொண்டாள் என்று தாய் சொல்லுவாள். இப்போது நானாட்டான் அரிசி ஆலையிலிருந்து தீவுக்குள் இருக்கும் ஐஸ் கொம்பனி வரை, எந்தக் கடையில் மென்பொருள் முரண்டு பிடித்தாலும் ஸ்கூட்டியில் ஓடிப்போய்ப் பார்ப்பது அவள்தான். வேலை முடிந்ததும், சின்ன வேலைதானே என்பார்கள். சின்ன வேலையென்றால் நீங்களே செய்திருக்கலாமே என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நானாயிருந்தால் கேட்டிருப்பேன்.

மன்னார் நகரில் வள்ளத்து எஞ்சின் விற்கும் கடையிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது சோளகக் காற்று வீசும் ஒரு காலத்தில். அந்தக் கடையில் இரண்டு மென்பொருள்கள். ஒன்று கடை மேசையில் பில் போடுவது. மற்றது கொழும்புத் தலைமைக் கந்தோருடையது; எந்த விற்பனையாளர் எந்த வாடிக்கையாளரை எங்கே சந்தித்தார் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டுவது. இரண்டும் முகம் பார்த்துப் பேசாத அண்ணன் தம்பி மாதிரி. நடுவில் தூது போக ஒரு சின்ன நிரலை எழுதி வைத்துவிட்டு, எழுதிய பொடியன் டுபாய்க்குப் போய்விட்டான்.

கொழும்பு மேலாளர் தொலைபேசியில் ஒரு முறைப்பாடு சொன்னார். வடக்கிலேயே கூடுதலான வாடிக்கையாளர்களைச் சந்தித்த விற்பனையாளராக இந்த முறையும் றொட்னியின் பெயர்தான் மேலே நிற்கிறதாம்.

றொட்னியைக் கடல் கொண்டுபோய் மாதக்கணக்காகிவிட்டது. இந்தக் கரையில் எஞ்சினைக் கடையில் பார்த்து வாங்க மாட்டார்கள். விற்கிறவன் வள்ளத்தில் ஏறி, கடலில் ஓட்டிக் காட்ட வேண்டும். அப்படி ஓட்டிக் காட்டப் போன ஒரு காலையில் காற்று எழும்பி வள்ளத்தைக் கவிழ்த்துவிட்டது. வள்ளக்காரரை வேறு வள்ளங்கள் தூக்கின. றொட்னி கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் மரணச் சான்றிதழும் இல்லை. ஆகையால் கந்தோர் அவனுடைய பெயரை எடுக்கவுமில்லை. தாழ்வுபாட்டிலிருக்கும் மனைவி பெற்றிசியா இறந்தவருக்கான பூசையும் ஒப்புக்கொடுக்கவில்லை. சுவாமியார் வீடு தேடிப் போய்க் கேட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். புருசனின் போனும் கடலோடு போக, அதே இலக்கத்துக்குப் புதிய சிம் எடுத்து மடியிலேயே வைத்திருக்கிறாள். அந்த இலக்கத்துக்கு, 'இன்றைய சந்திப்புக்கு நன்றி றொட்னி' என்று கந்தோரிலிருந்து மெசேஜ் வந்துகொண்டேயிருக்கிறது. அதனால்தான் ஆள் உயிரோடு எங்கேயோ திரிகிறான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள், பாவம், என்று ஊர் சொன்னது. இதை நிறுத்தினால் அவள் என்னாவாள் என்பது பிரஷாந்திக்கு நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. நிறுத்தாமலிருக்கவும் முடியாது.

நல்ல மதியம். கடையின் பின்னறையில் வரைபடத்தைத் திறந்தாள். மற்ற விற்பனையாளர்களின் புள்ளிகள் எல்லாம் தெருவிலும் வீட்டு வாசலிலும் இருந்தன. றொட்னியின் புள்ளிகள் கடலுக்குள் இருந்தன. வங்காலைக்கு நேரே, பேசாலைக்கு நேரே, தலைமன்னாருக்கு நேரே, கரையைவிட்டு விலகி, தீவைச் சுற்றி ஒருவன் தண்ணீருக்கு மேலே நடந்துகொண்டிருப்பது மாதிரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு புள்ளி விழுந்தது. அதுவும் கடலில்தான். கீழே றொட்னியின் பெயர், நேரம், 'சந்திப்பு முடிந்தது.'

எழும்பி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். மாதாவே என்று சொல்லிக்கொண்டு கதிரையைப் பிடித்தபடி இருந்தாள். அப்போதுதான் முன்பக்கத்தில் பில் அச்சடிக்கும் சத்தம் காதில் விழுந்து ஓய்ந்தது. மெல்ல எட்டிப் பார்த்தாள். மேசையில் பில் போடும் பிள்ளை ஹுஸ்னியா ஒரு கிழவருக்கு எஞ்சின் எண்ணெய்க்குப் பில் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிழவர் போகும்வரை காத்திருந்து, பில்லில் விற்பனையாளர் என்ற இடத்தில் யாருடைய பெயரைப் போட்டாய் என்று பிரஷாந்தி கேட்டாள். ஹுஸ்னியாவின் முகம் வெளுத்துவிட்டது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கடற்றொழிலாளர்கள் வந்து சாமான் வாங்கும்போது, றொட்னியின் பேரில் போடுங்கோ என்கிறார்களாம். பேர் போட்டால் கொமிஷன் அந்த வீட்டுக்குப் போகும், பெற்றிசியாவும் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள் என்ற நினைப்பு. ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கேட்டு, கரை முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. இல்லையென்று சொல்ல ஹுஸ்னியாவுக்கும் வாய் வரவில்லை. கொழும்பு அந்தக் கொமிஷனை நிறுத்தி எவ்வளவோ காலமாகிவிட்டது என்பது ஒருவருக்கும் தெரியாது.

மிச்சத்தைக் கண்டுபிடிக்கப் பிரஷாந்திக்குப் பெரிய நேரம் எடுக்கவில்லை. பில்லில் விற்பனையாளரின் பெயர் இருந்தால், அவர் அந்த வாடிக்கையாளரைப் போய்ச் சந்தித்தார் என்று நடுவிலுள்ள நிரல் கொழும்புக்கு எழுதி, அவருடைய போனுக்கு நன்றியும் அனுப்பிவிடுகிறது. சந்தித்த இடம் என்று வாடிக்கையாளரை முதன்முதல் பதிந்த இடத்தையே போடுகிறது. றொட்னி தன் ஆட்களைப் பதிந்தது எங்கே? எஞ்சினை ஓட்டிக் காட்டிய வள்ளத்தில், கடலில். பேய்க்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அவளுக்குப் பயம் தெளியவில்லை. இத்தனை பேருடைய இரக்கம் சேர்ந்து ஒரு செத்த மனிதனை எழுப்பி நடக்க விட்டிருக்கிறதே என்று நினைக்க நினைக்க அது கூடியது.

சொல்லாமல் நிறுத்துவது களவு மாதிரிப் பட்டது. அன்று பின்னேரமே தாழ்வுபாட்டுக்குப் போனாள். பெற்றிசியா வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். பிரஷாந்தி தட்டுத்தடுமாறிப் புள்ளியையும் பில்லையும் நிரலையும் விளங்கப்படுத்தினாள். முடிந்ததும் பெற்றிசியா போனை மடியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"அவர் செத்தது எனக்குத் தெரியும் தங்கச்சி. வள்ளத்தைக் கவிண்டபடி இழுத்துக்கொண்டு வந்த அண்டைக்கே தெரியும்."

முதல் மெசேஜ் வந்தபோது ஊர் ஊராகக் கரை முழுக்க ஓடித் தேடினாளாம். வங்காலையில் சிங்கராசா என்ற வள்ளக்காரர்தான், கடையில் றொட்னியின் பேரைச் சொல்லிவிட்டு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். அன்றே விசயம் விளங்கிவிட்டது.

"பிறகேன் அக்கா பூசை வேண்டாமெண்டனீங்கள்?"

"பூசை முடிஞ்சா எல்லாரும் தங்கட பாட்டைப் பாப்பினம். இது அடிக்கேக்குள்ள, எங்கையோ ஒராள் இப்பத்தான் அவரின்ர பேரைச் சொன்னது எண்டு தெரியும். இல்லாட்டில் எனக்கு ஆர் வந்து சொல்லுவினம்?"

பிரஷாந்தி அழுதுவிட்டாள். முகாமில் செத்துப்போன தகப்பனின் பேரைத் தங்கள் வீட்டில் எவரும் எடுப்பதேயில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பெற்றிசியா கடலைப் பார்த்தாள். காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டத்தானே வந்தனீங்கள்? நிப்பாட்டுங்கோ. அவரும் களைச்சுப்போயிருப்பார்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை நடந்தது. மறுநாள் பிரஷாந்தி நிரலைத் திருத்தி, பில் மென்பொருளிலிருந்து றொட்னியின் பெயரையும் எடுத்தாள். கடலில் கிடந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கொழும்பு மேலாளர் நன்றி சொல்லிவிட்டு, சின்ன வேலைதானே என்றார். அவள் போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து வேறு அலுவலாக அதே கடைக்குப் போயிருந்தாள். பேசாலையிலிருந்து வந்த ஒருவர் கயிறு வாங்கிக்கொண்டு, பில்லை றொட்னியின் பேரில் போடச் சொன்னார். ஹுஸ்னியா திரும்பி இவளைப் பார்த்தாள். போடுவதற்கு அந்தப் பெயர் இப்போது இல்லை. பிரஷாந்தி வெளியே இறங்கி, வெயிலில் நின்றபடி போனை எடுத்தாள். பெற்றிசியாவிடமிருக்கும் அந்த இலக்கத்தை, நிரலைத் திருத்தியபோது, றொட்னி அண்ணன் என்றே பதிந்து வைத்திருந்தாள். மணி போனது. எடுத்தார்கள். குரல் இல்லை, கரைக் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"பேசாலையால ஒராள் வந்தவர் அக்கா," என்றாள். "பேர் சொன்னவர்."

பெற்றிசியா, எந்த ஊர் என்று இன்னொருமுறை சொல்லச் சொன்னாள்.