கதவைத் தட்டச் சொன்ன பெர்னதெத் அக்கா

பெர்னதெத் அக்கா இறந்த செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. "பெர்னதெத் இன்று விடியற்காலை ஆண்டவரிடம் சென்றுவிட்டாள். மாலையில் அடக்கம். கோவிலுக்கு வரும் வழி கீழே" என்று எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. அதன் கீழே நீல நிறத்தில் ஒரு லிங்க். எல்லோரும் பார்த்தோம். ஒருவரும் தொடவில்லை. ஒருவரும் இரங்கல் எழுதவில்லை. கணக்குப் பிரிவு சங்கர் மட்டும், "அக்கா நம்பர எவனோ பிடிச்சிட்டான். யாரும் லிங்க்ல கை வைக்காதீங்க" என்று எழுதினார். அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தும், நம்பாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

அந்தப் பழக்கத்தை எங்களுக்கு ஏற்படுத்தியவரே அவர்தான். "எழுத்து யாரு வேணும்னாலும் எழுதலாம். போனப் போட்டுக் குரலக் கேளுங்க, பொறவு நம்புங்க" என்பார். நான் அந்த எண்ணுக்கே போன் போட்டேன். மணி அடிக்கும்போது, இதோ எடுத்து "என்னளா முத்து" என்று கேட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். எடுத்தது அவருடைய கணவர். சாகுபுரம் ரசாயன ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். "நெசந்தாம்மா" என்றார். பிறகு, "நம்ம ஆபீஸ் ஆளுக ஒருத்தரும் மெசேஜ நம்ப மாட்டாக, போன் போட்டுத்தான் கேப்பாகன்னு அவளே சொல்லிட்டுத்தான் போனா" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன். அப்படியும் முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

துறைமுகச் சாலையில் இருக்கும் எங்கள் கிளியரிங் ஆபீஸில் கம்ப்யூட்டர்களை எல்லாம் அக்காதான் பார்த்துக்கொண்டார். கப்பலில் ஏறும் சரக்குக்கான காகிதங்களைத் தயாரிப்பது என் வேலை. எங்கள் முதலாளி அண்ணாச்சி ஒருமுறை சென்னைக்குப் போன இடத்தில் தன் போனைத் தொலைத்துவிட்டார். யாரிடமோ போனை வாங்கி அக்காவை அழைத்து, மெயில் பாஸ்வேர்டைக் கேட்டார். அக்கா தர மறுத்துவிட்டார். "ஏம்மா, நாந்தான் பேசுதேன்" என்று அவர் கத்தியது பக்கத்து மேசையில் இருந்த எனக்கே கேட்டது. அக்கா சாவகாசமாக, "அண்ணாச்சி மாதிரிதான் இருக்கு. ஆனா நம்பரு வேற, அண்ணாச்சின்னு எனக்கு எப்படித் தெரியும்? வீட்டு அம்மாவுக்குப் போன் போடுங்க, அவுக சொன்னா தாரேன்" என்றார். அண்ணாச்சிக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊர் திரும்பியதும் ஒரு வாரம் அக்காவுடன் பேசவில்லை. அதற்கப்புறம் வருகிற ஆளிடமெல்லாம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னவரும் அவரேதான்.

இது ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். என் கணவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் கணவர் குவைத்தில் இருக்கிறார். போன விடுப்பில் வந்தபோது, நான் வீட்டிலிருந்தும் வேலை பார்க்க வசதியாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கூடத்தில் வைத்துக் கொடுத்தார். மகள் படிப்பதும் அதில்தான். அவர் திரும்பிப் போன சில வாரங்களில் அது மந்தமானது. விளக்கு வைக்கும் நேரத்தில் யாரும் தொடாமலே திரைக்கு மேலே இருக்கும் கேமராவின் சின்ன விளக்கு எரிந்தது. முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் மகள் அதன் எதிரில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தபோது விளக்கு எரிவதைப் பார்த்தேன். என் பிள்ளையை எவனோ பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "நெட் வயர உருவிரவா?" என்று கேட்டேன். "உருவாத. வந்திருக்கவன் யாருன்னு தெரியாமப் போயிரும். கேமராவ ஒரு துணி போட்டு மூடு, பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போ. அழுகத அப்புறம் பாத்துக்கிடலாம், நான் இந்தா வாரேன்" என்றார். வந்தவர் செருப்பைக் கழற்றியதும் நேராகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ தட்டினார். இந்தக் கம்ப்யூட்டர் அந்த நேரத்தில் வெளியே யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பது வரிசையாக வந்தது. எனக்கு எல்லாமே திருடர்களாகத் தெரிந்தது. அக்கா ஒவ்வொன்றாகக் காட்டினார். இது பிரவுசர், இது விண்டோஸ் தன் அப்டேட்டைக் கேட்கிறது, இது ஆன்டிவைரஸ். "பயந்துக்கிட்டுப் பாத்தா எல்லாம் பேயாத்தான் தெரியும். பேரு தெரிஞ்சதையெல்லாம் தள்ளிட்டே வா, கடைசியில நிக்கவனப் பிடி."

கடைசியில் ஒன்று நின்றது. அதைப் போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் வயரை உருவினார். தான் கொண்டுவந்த பென் டிரைவைச் செருகி, கம்ப்யூட்டர் முழுவதையும் ஸ்கேன் செய்ய விட்டார். அது ஓடி முடிவதற்குள் நாங்கள் சாப்பிட்டு முடித்தோம். நான் தட்டில் கோலம்தான் போட்டேன். ஸ்கேனில் வைரஸ் எதுவும் இல்லை. எனக்கு உயிர் வந்தது. அக்கா முகம் மட்டும் தெளியவில்லை. "இது திருடன் இல்ல ஏளா. சாவி வச்சிருக்கவன்" என்றார். தூரத்திலிருந்தே ஒரு கம்ப்யூட்டரை இயக்க உதவும் சாதாரண மென்பொருள் அது. யாரோ பாஸ்வேர்டு போட்டு நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள். "இத யாரு செட்டப் பண்ணிக் குடுத்தா?" என்று கேட்டார். என் கணவர்தான் என்றேன்.

கல்யாணமாகிப் பதினைந்து வருடம். என்னைச் சந்தேகப்பட்டு, கூடத்தில் கண் வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா? இனி அந்த மனிதரோடு எப்படி வாழ்வது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருன்னு மெஷின் சொல்லிருச்சி. என்னத்துக்குன்னு அது சொல்லாது. அத ஆளுகிட்டத்தான் கேக்கணும். போனப் போடு."

போட்டேன். அவர் மறுக்கவில்லை. "பிரிண்டர் மக்கர் பண்ணினா இங்கன இருந்தே சரி பண்ணலாம்னுதான் போட்டேன்" என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "ரூம்ல எட்டுப் பேரு இருக்கோம். ஒரு நா வேலை முடிஞ்சு வந்து சும்மா தெறந்து பாத்தேன். நீ விளக்கு ஏத்திட்டு இருந்த. அதுக்கப்புறம் பாக்காம இருக்க முடியல முத்து. போன் பண்ணினா நீ ஒக்காந்து பேசுவ. எனக்கு வீடு வீடா இருக்கதப் பாக்கணும்." எனக்குக் கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். மன்னித்துவிட்டேன் என்று சொல்லத் தோன்றவில்லை. அவரை வெறுக்கவும் முடியவில்லை.

வேறு யாராக இருந்தாலும், பாசத்தில்தானே செய்தார், விடு என்றிருப்பார்கள். இல்லையென்றால் ஊரைக் கூட்டியிருப்பார்கள். அக்கா போனை வாங்கினார். "தம்பி, ஒங்க ஏக்கம் எனக்குப் புரியுது. ஆனா பாக்குதது ஒருத்தருக்குத் தெரியாமப் பாத்தா, அது புருசனா இருந்தாலும் களவுதான். சொந்த வீடுன்னாலும் ஆளு இருக்கையில கதவத் தட்டிட்டுத்தான் வரணும்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எடுக்கவா, வைக்கவா? இது ஒன் வீடு, நீதான் சொல்லணும்" என்று கேட்டார். எடுங்கள் என்றேன். எடுத்தார். பாஸ்வேர்டுகளையெல்லாம் என்னையே மாற்றச் சொல்லிவிட்டு, நான் தட்டும்போது முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு ஆபீஸில் அவர் என்னைப் பார்த்த பார்வையில்கூட அந்த நாள் இருந்ததில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது அவர் வீட்டில். மிகவும் மெலிந்திருந்தார். ஆபீஸ் கதை பேசினோம். அண்ணாச்சி இன்னமும் பாஸ்வேர்டை மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் வைத்திருக்கிறார் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். கிளம்பும்போது மட்டும், "தட்டிட்டு வாராரா?" என்று மெல்லக் கேட்டார். "வாராரு அக்கா" என்றேன். கண்ணை மூடித் தலையசைத்தார்.

அடக்கத்துக்கு நாங்கள் எல்லோரும் அந்த லிங்க்கைத் தொடாமல், வழி கேட்டுக் கேட்டுத்தான் போய்ச் சேர்ந்தோம். வீடு திரும்பி, குளித்து, விளக்கு ஏற்றும் நேரத்தில் கம்ப்யூட்டரில் வீடியோ அழைப்பு வந்தது. அக்கா அந்த மென்பொருளை எடுத்த நாள் தொடங்கி என் கணவர் தினமும் அந்த நேரத்தில்தான் கூப்பிடுகிறார். நான் எடுத்தாலும், முதலில் தன் முகத்தைக் காட்டமாட்டார். ஒரு வார்த்தை கேட்பார், நான் பதில் சொல்லி என் கேமராவைத் திறந்த பிறகுதான் தன்னுடையதைத் திறப்பார். அதன்பின் நாங்கள் பேச வேண்டும் என்றுகூட இல்லை. நான் என் வேலையைப் பார்ப்பேன், அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெர்னதெத் அக்கா என்னிடம் விட்டுப்போனது அந்த ஒரு வார்த்தைதான். அடக்கம் முடிந்த அன்றும் என் கணவர் அதையே கேட்டார்.

"வரலாமா?"

"வாங்க" என்றேன். அக்கா போய்விட்டார் என்பதை அவரிடம் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. என் குரலைக் கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.