துரைமார் பெயருக்கு எழுதின புரோகிராம்

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இரண்டு எஜமானர்கள். சொன்னதை மட்டும் செய்கிற மெஷின் ஒன்று, சொல்லாததையும் எதிர்பார்க்கிற கஸ்டமர் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற என் இனத்து மக்களே, மலேசியாவின் ஈப்போவில் நான் கோபோல் என்ற புரோகிராம் மொழி கற்றுக்கொண்ட கதையைக் கேளுங்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. இன்றைய பிள்ளைகள் திரையைப் பார்த்துப் படிக்கிறார்கள். எங்களுக்கு ஓட்டை போட்ட அட்டைகள்தான். திட்டு வாங்குவதில் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

பழைய நாற்காலி

நான் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில் அட்டையில் ஓட்டை போடும் பெண்ணாகத்தான் சேர்ந்தேன். கம்பெனிகளும் எஸ்டேட்டுகளும் அனுப்புகிற தாள்களைப் பார்த்து, மெஷின் படிக்கிற ஓட்டைகளாக நாள் முழுக்க அட்டையில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குளிர் அறையில் மெஷின் இருந்தது. அதற்குப் புரோகிராம் எழுதுகிறவர் வேலையை விட்டுப் போனதும், நான் மேனேஜர் லியோங்கிடம் போய் அந்த வேலையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. அம்மா கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பாலுக்காக மரம் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் அங்கே ஒரு வாளியும் ஒரு கத்தியும் எப்போதும் தயாராகக் காத்திருந்தன.

லியோங் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பேசியது மலாயில், நான் தமிழில் தருகிறேன்: "தீபாவளி வரைக்கும் டைம். ஒரே ஒரு கஸ்டமர் சரின்னு சொல்ற மாதிரி ஒரு வேலைய முடி. முடியலன்னா உன் பழைய நாற்காலியும் கிடையாது, அதுக்கு வேற பொண்ணு நாளைக்கே வருது."

எலும்புக்கூடு

முதல் நாள் லியோங் ஒரு பெட்டி நிறைய அட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மெஷினோடு சேர்ந்து இங்கிலாந்திலிருந்து வந்த ஆயத்தப் புரோகிராம். அட்டைகளைப் படிப்பது, வரிசைப்படுத்துவது, பக்க எண் போட்டு அச்சடிப்பது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். நடுவில் விட்டிருக்கும் இடத்தில் கஸ்டமருக்கு வேண்டியதை நாம் எழுதிச் செருக வேண்டும், மற்ற எதையும் தொடக் கூடாது. ஆபீசில் அதற்குப் பெயர் எலும்புக்கூடு. இன்றைக்கு அதை ஃபிரேம்வொர்க் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள்.

எனக்கோ உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. மெஷின் அறையைப் பார்த்துக்கொண்டவர் காதர் பாய். மெஷினின் சத்தத்தை வைத்தே அதன் உடம்புக்கு என்ன என்று சொல்லிவிடுவார். இந்தக் கூடு எப்படித்தான் ஓடுகிறது என்று அவரைத் துளைத்து எடுத்தேன். கடைசியில் ஒரு நாள் மனிதர் கும்பிட்டுவிட்டார்: "ஓடுதுல்ல? அப்பறம் எப்படி ஓடுதுன்னு எதுக்குக் கேக்குறீங்க தங்கச்சி? போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க லா."

அரிசி

சனிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது அட்டைக் கட்டையும் கூடவே எடுத்துப் போவேன், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிபார்க்க. எஸ்டேட் ஈரக்காற்றில் அட்டைகள் ஊதிவிடும். ஊதிய அட்டை மெஷினுக்குள் போனால் சிக்கும். யோசித்து, பிஸ்கட் டின்னில் அரிசியைக் கொட்டி அதற்குள் அட்டைகளைச் செருகி வைத்தேன். உப்பு ஜாடியில் அரிசி போட்டால் உப்பு கசியாமல் இருக்கிறதே, அந்தக் கணக்கு. அட்டைகள் அப்பளம் மாதிரி மொறமொறவென்று இருந்தன. எனக்கு ஒரே பெருமை.

திங்கள் காலை மெஷின் கடகடவென்று கத்தி நின்றுவிட்டது. லியோங் ஓடிவந்தார். காதர் பாய் மூடியைக் கழற்றி, சின்ன இடுக்கியால் எதையோ பிடித்து வெளியே இழுத்து, உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினார்: "நானும் எத்தனையோ பேரைப் பாத்துட்டேன், மெஷினுக்கு சோறு போட்டது நீங்க ஒருத்தர்தான் தங்கச்சி."

பெரட்டு

எனக்குக் கிடைத்த முதல் வேலை ஓர் எஸ்டேட்டினுடையது. விடிவதற்கு முன், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவார்கள். மேஸ்திரியான மண்டோர் பெயர் கூப்பிட்டு, வந்தவர்களை எண்ணி, மரத்துக்கு அனுப்புவார். அந்தப் பெயர்களை அகர வரிசையில் அச்சடித்துத் தர வேண்டும். தீபாவளிக்குச் சில வாரங்களே இருந்தன. திணறித் திணறி எழுதி, ஒரு வழியாக ஓடவைத்தேன். எலும்புக்கூட்டோடு சோதனைக்கு வந்திருந்த பெயர்கள் எல்லாம் வெள்ளைக்காரத் துரைமார் பெயர்கள். அவை அழகாக வரிசையில் வந்தன. எஸ்டேட் பெயர்களும் தடங்கல் இல்லாமல் ஓடின. அச்சடித்த தாள் மை காய்வதற்குள் எஸ்டேட் வண்டியில் ஏறிவிட்டது. ஓடியதே பெரிய காரியமாக இருந்ததால், தாளைப் படித்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பெரட்டுக்கு நானும் போய் நின்றேன், கஸ்டமர் மெச்சுவதைக் காதால் கேட்க. மண்டோர் டார்ச் அடித்துக் கூப்பிட்டார், "குப்புசாமி!" பதில் இல்லை. "முனியாண்டி!" பதில் இல்லை. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. துரைக்குக் கடைசியில் வருவது குடும்பப் பெயர். நமக்குக் கடைசியில் வருவது அப்பா பெயர். எலும்புக்கூடு கடைசிப் பெயரை முன்னால் இழுத்துப் போட்டு, ஆளின் சொந்தப் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டது. களத்தில் அப்பாக்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அஞ்சலை என்ற பால்மரக்காரப் பெண், வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்: "குப்புசாமி எங்கப்பா. செத்துப் போயிட்டாரு. உசுரோட இருந்தப்ப வெட்டுன மரம் பத்தாதா, இன்னும் அவரை வேலைக்குக் கூப்புடுறீங்க?"

லியோங்கின் பெயர்

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். ஈப்போ வருவதற்குள் அழுகை போய் ஆத்திரம் வந்துவிட்டது. கூட்டைத் திறந்து பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். லியோங் சம்மதிக்கவில்லை. அட்டையில் பெயரைத் தலைகீழாகத் தட்டிவிடு, அப்பா பெயர் முன்னால், ஆள் பெயர் பின்னால், வேலை முடிந்தது என்றார். தமிழர்களுக்குச் சரி, அந்த எஸ்டேட்டில் இருக்கும் சீனர்களுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அவர்களுக்கு என்ன குறை என்றார்.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று, லியோங் கொக் செங் என்ற அவர் முழுப் பெயரையே ஓர் அட்டையில் தட்டி மெஷினில் விட்டேன். தாளில் செங் என்று முழுதாக முன்னால் வந்தது. சீன வழக்கப்படி முதலில் நிற்க வேண்டிய லியோங் என்ற குடும்பப் பெயர் ஒற்றை எழுத்தாகி ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளினார்: "எங்க பரம்பரையையே ஒரு எழுத்தாக்கிட்டானா? திற. ஆனா உடைஞ்சா நீதான் ஒட்டணும்."

வேலைக்குப் போ

திறந்தேன். எலும்புக்கூட்டைத் தாளில் அச்சடித்துத் தரையில் விரித்து, முட்டி போட்டு வரி வரியாகப் படித்தேன். பஸ்ஸில் படித்தேன், சாப்பிடும்போது படித்தேன். முதலில் எல்லாம் ஒரே காடாக இருந்தது. பிறகு ஒரு வழி, அதிலிருந்து இன்னொரு வழி என்று தெரிய ஆரம்பித்தது. பெயரின் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போய் இடைவெளியைத் தேடுகிற அந்த இடத்தைக் கண்டுபிடித்தபோது கத்தியே விட்டேன். அதைத் தூக்கிவிட்டு, அவரவர் பெயர் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே, முதல் எழுத்திலிருந்து வரிசைப்படுத்த வைத்தேன். இந்த முறை ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தேன்.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி, கம்ப்யூட்டர் தாளே வேண்டாம், கையால் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். இன்னும் ஒரே ஒரு பெரட்டு, அதற்கப்புறம் உங்கள் இஷ்டம் என்றேன். ஒத்துக்கொண்டார். அப்போது தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லை. பெரட்டு அன்று விடிகாலையில் களத்தில் ஒரு தூணில் சாய்ந்து நின்றேன். மண்டோர் கூப்பிடக் கூப்பிட, ஆமா, இருக்கேன், வந்துட்டேன் என்று குரல்கள் வந்துகொண்டே இருந்தன. எங்கும் நிற்கவில்லை. முடிந்ததும் எல்லாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு பேசியபடி மரங்களுக்குள் போய்விட்டார்கள். தாளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

களம் காலியானது. எங்கள் மேனேஜர் லியோங் கேட்பார், நான் என்ன சொல்லட்டும் ஐயா என்று கிராணியைக் கேட்டேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்: "என்னத்த சொல்றது? ஆளுங்க எல்லாம் வேலைக்குப் போயாச்சு. நீயும் உன் வேலைக்குப் போ லா."

லியோங்கிடம் அதை அப்படியே சொன்னேன், கஸ்டமர் சரி சொன்னதாகவே எடுத்துக்கொண்டார். அன்றைக்கு வேலைக்குப் போனவள்தான், ஓய்வு பெறும் வரை என் புரோகிராமைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை மெச்சவில்லை, நானும் அந்த நல்ல பெயரைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.