கணினியில் இல்லாத காரணம்

அன்புள்ள நண்பருக்கு, இன்று உப்புவெளியில் நான் மேற்பார்வை செய்து கட்டும் பாடசாலைக்குக் கொழும்பிலிருந்து இளம் பொறியியலாளர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். அதில் எங்கள் வேலை அட்டவணை முழுக்கச் சிவப்பு.

“பதினொரு நாள் பிந்திட்டுது ஐயா. மேசன் கணபதியாலதான். அவரை வேலையில இருந்து நிப்பாட்டுங்கோ.”

பதினொரு நாளாகச் சீமெந்து லொறியைச் சோதனைச்சாவடியில் மறித்து வைத்திருக்கிறார்கள் என்றேன்.

“உங்கட கதை இதுக்கு விளங்காது. இந்தக் கணினியில தாமதத்துக்கு ரெண்டு காரணம்தான் இருக்கு. ஆள் குறைவு, மழை.”

மணல் குவியலில் இருந்த கணபதி சிரித்தார். “அப்ப மழை எண்டு போடுங்கோ சேர்.”

பொறியியலாளர் சிரிக்கவில்லை. என்னிடம் கணினியைத் தள்ளினார்.

கொளுத்தும் ஆடி வெயிலில், பதினொரு நாளும் மழை என்று பதிந்தேன். சிவப்பு எல்லாம் பச்சையானது. கணபதியின் வேலை தப்பியது.

நாற்பது வருடம் பொய்யெழுதாத என் கையைக் கெடுத்த அந்தப் பெட்டியை மனதார வெறுக்கிறேன்.

லொறி இன்னும் வரவில்லை. உங்கள் பக்கம் மழை எப்படி?