கம்பியைப் பிடிக்காதவள்

இருபத்தொன்பது வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள் அவள். டிப்போவில் எல்லோருக்கும் 'டபுள் விசில்' அக்கா. கிளம்பச் சொல்லி அவள் ஊதும் இரண்டு விசிலுக்குத் தெருநாய்கூட எழுந்து வழிவிடும் என்பார்கள். கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை. கம்பியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? எந்த வளைவில் பஸ் எந்தப் பக்கம் சாயும், டிரைவர் எப்போது பிரேக் போடுவார் என்பதெல்லாம் அவள் குதிகாலுக்கே தெரியும்.

ஓய்வு பெற்ற மறுவருஷம், தனியாக இருந்த தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பில் விரிசல். ஆறு மாதத்தில் எழுந்து நடந்துவிட்டாள். விழுந்த இடத்திலிருந்து அவள் மகன்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை. படி ஏறாதே, பால் வாங்கப் போகாதே, தனியாகக் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளாதே! அவன் சொல்லச் சொல்ல அவளுக்கே கால்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வலியைவிட அந்தச் சந்தேகம்தான் அவளைப் பயமுறுத்தியது. யாரிடமும் மூச்சு விடாமல் போய், பதினெட்டு நாள் கப்பல் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா கப்பல்?" என்றான் மகன்.

"அடுத்த வயசுல போறேன்னா மட்டும் விட்டுடுவியாக்கும்?"

கப்பலில் ஏறிய நாள் முதல் அவளும் மற்றவர்களைப் போலச் சுவர்க்கம்பியைப் பிடித்துத்தான் நடந்தாள். கரை சேர ஒரே நாள் இருக்கும்போது கப்பல் குலுங்கத் தொடங்கியது. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகள் தாமாக நகர்ந்தன. முக்கால்வாசிப் பேர் படுக்கையை விட்டு எழவில்லை. இவள் இரண்டு முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பினாள். நீளமான நடைபாதையில் பாதி வந்த பிறகுதான் கவனித்தாள்: இரண்டு கையும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. சிரிப்பு வந்தது, கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

அறை வாசலில், அறைகளைக் கவனிக்கும் பெரிய மீசைக்காரர் சக்கர நாற்காலியும் ஒரு காகிதமுமாக நின்றிருந்தார்.

"மேடம், நாளைக்கு நீங்க இறங்கறதுக்கு. உங்க மகன் ஆபீஸ்ல சொல்லி வச்சிருக்காரு. நடக்க முடியாதவங்கன்னு எழுதியிருக்கு."

"யாரைக் கேட்டு எழுதினான்?"

கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. மீசைக்காரர் கதவைப் பாய்ந்து பிடித்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏன் தம்பி, காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"எங்க மேடம்... மூணு தடவை வாந்தி. பதினோரு வருஷமாச்சு, இன்னும் பழகல."

"உக்காருங்க."

"ஐயோ, நானா?"

"உக்காருங்கன்னு சொல்றேன்ல!"

ஒரு பஸ் கூட்டத்தையே உள்ளே நகர வைத்த குரல் அது. மனிதர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அவரைத் தள்ளிக்கொண்டு நேராக நர்ஸ் அறைக்குப் போனாள். நர்ஸ் காகிதத்தைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், தள்ளிக்கொண்டு வந்தவளைப் பார்த்தாள்.

"இதுல யாரும்மா நடக்க முடியாதவங்க?"

அவள் காகிதத்தை வாங்கி, குறுக்கே ஒரு கோடு போட்டு, 'நடந்துதான் இறங்குவேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

மதியம் மகன் போனில் வந்தான்.

"வீம்பு பண்ணாதம்மா. எங்க வீட்டுக் கீழ் ரூமை உனக்கு ஒழிச்சு வச்சாச்சு. உன் கட்டில்கூட வந்துடுச்சு."

"என் வீட்டைத் திறந்து என் கட்டிலை எடுத்தியா?"

"உன் நல்லதுக்குத்தான்."

"நாளைக்குள்ள அது இருந்த இடத்துல இருக்கணும். இல்லன்னா தரையில படுத்துக்கறேன். ஆனா என் வீட்டுத் தரையில."

"மறுபடியும் விழுந்தா?" அவன் குரல் உடைந்தது. அன்று அவளை ஈரத்தரையிலிருந்து தூக்கியவன் அவன்தான்.

"விழுந்தா உன்னைத்தான்டா கூப்பிடுவேன். விழறதுக்கு முன்னாடியே தூக்காத" என்றாள்.

மறுநாள் இறங்குபடியில் ஒவ்வொரு காலாக வைத்து மெதுவாக இறங்கினாள். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். கொட்டட்டும் என்று விட்டுவிட்டாள். கீழே நின்ற மகன் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினான். அந்தக் கையில் கனமான பெட்டியைக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

கட்டில் திரும்பி வர மூன்று நாள் ஆனது. அதுவரை சொன்னபடியே பாயை விரித்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்கினாள்.